கடலூர், புதுச்சேரிக் கரையோரக் கொல்லைகளுக்குக் கம்பி வேலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரக்காணத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை நீளும் மணல் கரை, பண்ருட்டிச் செம்மண் கொல்லை, பாகூர் களிமண் வயல் ஆகிய மூன்றிலும் வேலி விழும் விதம் வேறுவேறு. கடலோர மணல்தான் கூடுதல் தொல்லை தருவது என்பதால் பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியது. ஆடியில் மேல்காற்று, கார்த்திகையில் புயல், ஆண்டு முழுக்க உப்பு என்று மூன்றையும் ஒரே வேலி தாங்கியாக வேண்டும்.

வேலி போடுமுன் நிலத்தை அளந்தே ஆக வேண்டுமா? வரப்பு இருக்கிறதே.

வரப்பு நகரும், அளவுக்கல் நகராது. பட்டா, புலப்படம் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, தாலுகா நில அளவையரிடம் பணம் கட்டி அளந்து, கல் நட்ட பிறகு நூல் கட்டுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் அன்று உடன் இருந்தால் பின்னால் வரும் பேச்சு பாதி குறையும். புதுச்சேரிப் பக்கம் ஆவணத்தில் ஹெக்டேர், ஆர் என்று இருக்கும், பேச்சில் குழி, காணி என்று இருக்கும். 1 குழி 576 சதுர அடி, 100 குழி 1 காணி. வியாபாரியிடம் 'ஒரு காணிக்குக் கம்பி' என்று கேட்டால் அவர் ஏக்கர் கணக்கில் போட்டுவிடுவார். சதுரமான 1 ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி, சதுரமான 1 காணிக்கு 960 அடி. கம்பிக்குச் சுற்றளவுதான் கணக்கு. நீளவாக்கில் ஒடுங்கிய நிலமாக இருந்தால் இந்த எண்கள் உதவாது, டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

வாய்க்கால் புறம்போக்கு, வண்டிப்பாதை இரண்டையும் வேலிக்குள் இழுக்காதீர்கள். கடற்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் நிலம் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். கான்கிரீட் போடுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் வேலை தொடங்குவது?

மாசி, பங்குனி. தை மாதத்தில் கரையோரத்தில் 3 அடி தோண்டினாலே பல இடங்களில் ஊற்று வந்துவிடும், குழியில் நீர் நின்றால் கான்கிரீட் சரியாக இறுகாது. சித்திரைக்குப் பிறகு மணல் காய்ந்து, தோண்டத் தோண்ட உள்ளே சரியும். ஈரமும் இருந்து ஊற்றும் இல்லாத இடைவெளி அந்த இரண்டு மாதம்தான். களிமண்ணில் பங்குனி கடைசிக்கு மேல் கடப்பாரை இறங்காது.

கல்லுக்காலா, சிமென்ட் காலா, இரும்பா, சவுக்கா?

கரையோரத்துக்குக் கருங்கல் கால்தான். உப்பு அதை ஒன்றும் செய்யாது, கரையானும் சீந்தாது. குறை ஒன்று உண்டு: கல் வளையாது, ஒரேயடியாக ஒடியும். அதனால் வாங்கும்போதே தட்டிப் பார்க்க வேண்டும். சுத்தியலின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று ஒலிப்பது நல்ல கல். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது, இறக்கும்போதே ஒதுக்கிவிடுங்கள். லாரியிலிருந்து உருட்டித் தள்ளிய கல்லையும் நட்டுவதற்கு முன் இன்னொரு முறை தட்டிப் பார்ப்பது நல்லது.

சிமென்ட் காலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த மணலில் வார்த்தது என்பது. உப்பு மணல் கலந்திருந்தால் உள்ளே இருக்கும் கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடித்துப் பருக்கும், காலின் மூலையில் நெடுக்காக விரிசல் ஓடும், பிறகு துண்டு துண்டாக உதிரும். வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் உள்நிலத்தில் நல்ல இடத்தில் வார்த்த சிமென்ட் கால் தாராளமாக உழைக்கும்.

இரும்பு ஆங்கிள் கரையோரத்தில் தரைமட்டத்தில்தான் அரிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்க, தரைக்குச் சற்று மேலும் கீழுமாக ஒரு சாண் மட்டும் செதில் செதிலாக உரிந்து போயிருக்கும். சவுக்குக் கால் ஓரிரு மழைக்காலம் வரும். தற்காலிக வேலிக்கு அது போதும்.

கல்லுக்கால் பெரும்பாலும் 6 அங்குலமும் 4 அங்குலமுமாக இருக்கும். அந்த 6 அங்குலம் வேலிக் கோட்டுக்குக் குறுக்காக, அதாவது கம்பியின் பக்கம் குறுகிய முகம் வரும்படி நிற்க வேண்டும். காற்று தள்ளும் திசையில் கல்லின் தடிமன் 4 அங்குலத்துக்குப் பதில் 6 ஆனால் வளைவைத் தாங்கும் வலு ஒன்றரை மடங்கு. அகன்ற முகம் பார்க்க அழகாக இருக்கிறது என்று கம்பிப் பக்கம் திருப்பி நடுவது வழக்கமாகிவிட்டது. நூல் கட்டும்போதே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

எவ்வளவு ஆழம் புதைக்க வேண்டும்?

செம்மண்ணில் 7 அடிக் கல்லுக்கு 2 அடி போதும், சுற்றிலும் சரளை போட்டு அரை அடிக்கு ஒருமுறை கிட்டித்தால் (இடித்து இறுக்கினால்) கான்கிரீட்டே தேவைப்படாது. மணலில் 8 அடிக் கல் வாங்கி 3 அடி உள்ளே விட வேண்டும், ஒவ்வொரு காலுக்கும் கான்கிரீட் வேண்டும். களிமண்ணில் இரண்டரை அடி. வெயிலில் களி வெடித்துக் காலைச் சுற்றி விரலிடை இடைவெளி விடும். ஐப்பசி மழைக்கு முன் அந்த இடைவெளியில் மணல் கொட்டிக் கிட்டித்தால் கால் ஆடாது.

மணலில் ஒரு குழி 1 அடிக்கு 1 அடி அகலம், 3 அடி ஆழம். கலவை 1 பங்கு சிமென்ட், 3 மணல், 6 ஜல்லி. ஒரு மூட்டை சிமென்ட் 3 குழிக்கு வரும். அதற்கு மேல் இழுத்தால் கலவை நொய்ந்துவிடும். கலவைக்கு ஆற்று மணல் அல்லது எம் சாண்ட் எடுங்கள். தோண்டிய கடல் மணலை அப்படியே கலந்துவிடும் பழக்கம் இருக்கிறது. கல்லுக்காலுக்கு அதனால் துருக் கேடு இல்லை என்றாலும், பொடி மணலில் கலவை வலுவாக வராது. கான்கிரீட்டின் தலைப்பைத் தரைக்கு 2 அங்குலம் மேலே ஏற்றி, நீர் வழிய நாலாபுறமும் சரிவு கொடுத்து முடியுங்கள். 7 நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்து, அதன் பிறகே கம்பி இழுக்க வேண்டும். மூன்றாம் நாளே இழுத்தால் கால் கண்ணுக்குத் தெரியாத அளவு சாயும். பார்வைக்குத் தெரிய ஆரம்பிக்கும்போது கான்கிரீட் இறுகிப்போயிருக்கும்.

குழி தோண்டினால் மணல் சரிந்து, வாய் 3 அடி அகலமாகிவிடுகிறது. என்ன செய்வது?

முதல் நாள் மாலையே குழி இடத்தில் 2 குடம் நீர் ஊற்றி வையுங்கள். அப்படியும் சரிந்தால், இரு பக்கமும் வெட்டிய தகர டிரம்மை அழுத்தி இறக்கி, அதற்குள்ளிருந்து மணலை வாரி எடுக்க வேண்டும். கலவை கொட்டக் கொட்ட டிரம்மை மேலே தூக்கிக்கொண்டே வரலாம். அகன்றுபோன குழியை மணலால் மூடிக் காலை நிறுத்தினால், அந்தத் தளர்ந்த மணலுக்குப் பிடி கிடையாது.

கம்பி நன்றாகத்தான் இருக்கிறது, வேலி மட்டும் தொய்கிறது. ஏன்?

மூலைக்காலைப் போய்ப் பாருங்கள். பத்தில் எட்டு வேலி அங்கேதான் தோற்கிறது. நடுக்கால்கள் கம்பியைத் தூக்கிப் பிடிக்கின்றன, அவ்வளவே. இழுவை முழுவதும் போய்ச் சேர்வது மூலையில். 5 வரிக் கம்பியைக் கையால் இறுக்கி இழுத்தாலே மூலைக்கால் மீது 300 கிலோவுக்குக் குறையாத இழுப்பு எப்போதும் இருந்துகொண்டிருக்கும். அந்தக் காலுக்கும் நடுக்காலுக்கும் ஒரே கல், ஒரே ஆழம் என்றால் வேலி தொய்யத்தான் செய்யும்.

மூலைக்கு 9 அடிக் கல், 4 அடி ஆழம், குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு முட்டுக்கால் (சாய்வாக ஊன்றி முட்டுக் கொடுக்கும் கல்), வேலிக் கோட்டின் வழியே, கம்பிக்கு அடியில் வர வேண்டும். முட்டுக்காலின் தலை மூலைக்காலின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் பொருந்த வேண்டும், தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரமாவது தள்ளி அதன் அடிப்பகுதியை ஊன்ற வேண்டும். இடம் போகிறதென்று செங்குத்தாக நட்டினால், கம்பி இழுக்க இழுக்க முட்டுக்கால் ஜாக்கி போல் மூலைக்காலை மேலே கிளப்பிவிடும். மணலில் இது அடிக்கடி நடக்கிறது: மூலைக்காலின் கான்கிரீட் தலைப்பு தரைக்கு மேல் நாலு விரல் எழும்பி நிற்கும், சுற்றிலும் மணல் வட்டமாக வெடித்திருக்கும்.

முட்டுக்காலின் அடி வெறும் மணலில் குத்திக்கொண்டு நிற்கக் கூடாது. 1 அடிச் சதுரப் பலகைக் கல் ஒன்றைச் சாய்வாக வைத்து அதன்மேல் ஊன்றி, கான்கிரீட் போடுங்கள்.

நேர்கோட்டிலும் 70, 80 அடிக்கு ஒரு காலை மூலைக்கால் போலவே பாவித்து இரு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அந்த 80 அடியோடு நஷ்டம் நிற்கும். அப்படித் தடுப்பு இல்லாத வேலியில் ஒரு பக்கம் முழுவதும் படுத்துவிடும்.

எத்தனை வரி, என்ன கேஜ்?

மாட்டுக்கு மட்டும் என்றால் 4 வரி, 15 அங்குல இடைவெளி. மாடும் ஆளும் நுழையாமல் இருக்க 5 வரி. வெள்ளாட்டுக்கு 7 வரியாவது வேண்டும், கீழே நெருக்கியும் மேலே அகற்றியும் இழுக்க வேண்டும். தரையிலிருந்து 5, 10, 16, 23, 32, 43, 56 அங்குலம் என்று வைத்தால் குட்டியும் நுழையாது. எல்லா வரியையும் சம இடைவெளியில் இழுப்பது கம்பிக்குத்தான் கேடு, ஆடு எப்போதும் கீழே இரண்டாவது இடுக்கில்தான் தலையை விடும். இரண்டு காலுக்கு நடுவே நெட்டாக ஒரு கம்பி விட்டு ஒவ்வொரு வரியையும் அதோடு முறுக்கிக் கட்டினால், வரிகளை விலக்கிக்கொண்டு நுழைய முடியாது.

கேஜ் (கம்பியின் தடிமன் எண், எண் கூடினால் கம்பி மெலியும்) என்றால் 12க்கு 12, அல்லது 12க்கு 14. முதல் எண் ஓடும் கம்பிக்கு, இரண்டாவது முள்ளுக்கு. 14க்கு 14 கம்பியில் விலை மலிவு தெரியும், ஆயுளும் அதற்கேற்பத்தான். கடையில் சொல்லும் கேஜை நம்பவேண்டிய அவசியமில்லை. 1 மீட்டர் வெட்டி நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் வையுங்கள். முள் 3 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும் 12க்கு 12 கம்பி 140 கிராம் அளவில் நிற்க வேண்டும், அதாவது கிலோவுக்கு சுமார் 7 மீட்டர். 12க்கு 14 என்றால் கிலோவுக்கு எட்டு, எட்டரை மீட்டர். 'கிலோவுக்கு 11 மீட்டர் வருதுங்க' என்று யாராவது லாபம் போலச் சொன்னால், கம்பி மெலிந்திருக்கிறது அல்லது முள் தூரம் தூரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

1 ஏக்கருக்கு மொத்தம் என்னென்ன வேண்டும்?

சதுரமான 1 ஏக்கர், மணல் நிலம், 12 அடி கேட் ஒன்று, 8 அடிக்கு ஒரு கால் என்று எடுத்துக்கொண்டால்:

கால் 105, முட்டுக்கால் 26 (மூலைகளுக்கு 8, நடுத் தடுப்புகளுக்கு 16, கேட்டுக்கு 2). ஒடிவதற்கும் சேர்த்து 135 கல் சொல்லிவிடலாம். இதில் மூலைக்கு 4 கல் மட்டும் 9 அடி. 12க்கு 12 கம்பி 5 வரிக்கு 188 கிலோ, 7 வரிக்கு 263 கிலோ, இரண்டிலும் கட்டுக்கும் சேதாரத்துக்கும் 5 சதவீதம் சேர்த்தாயிற்று. சிமென்ட் 40 மூட்டை, மணல் ஒன்றரை யூனிட் (1 யூனிட் 100 கன அடி), முக்கால் அங்குல ஜல்லி 3 யூனிட். கட்டுவதற்கு 14 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பி தனியாக.

செம்மண்ணில் மூலை, தடுப்பு, கேட் இவற்றுக்கு மட்டும் கான்கிரீட் போட்டால் சிமென்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். காலுக்குக் கால் 10 அடி என்று நீட்டிக் கல்லை மிச்சம் பிடிப்பது உள்நிலத்தில் சரி. கரையோரத்தில் வேண்டாம்.

கம்பியை எவ்வளவு இறுக்குவது?

நடுவில் பிடித்துக் கையால் அழுத்தினால் 2 அங்குலம் இறங்க வேண்டும். வீணைத் தந்தி போல் இருக்கக் கூடாது. உச்சி வெயிலில் சூடேறிய கம்பியை முழு இறுக்கமாக இழுத்துக் கட்டினால், மார்கழி விடியற்காலையில் அது சுருங்கும்போது ஒவ்வொரு வரியும் கூடுதலாக 50, 60 கிலோ இழுக்கும். 5 வரிக்குக் கணக்குப் போட்டால் மூலைக்கால் படும் பாடு தெரியும். வெயிலில் வேலை நடந்தால் கொஞ்சம் தளர்த்தியே விடுங்கள், காலையில் இழுத்தால் சற்று இறுக்கலாம்.

டிராக்டரில் கட்டி இழுப்பது வேண்டாம். எவ்வளவு இழுக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது, அறுந்த முள்கம்பி சுருண்டு திரும்பி அடிக்கும். ராட்செட் இழுப்பான் வாடகைக்குக் கிடைக்கிறது. தோல் கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். சுருளைத் தரையில் வைத்துப் பிரித்தால் முறுக்கு ஏறும். கடப்பாரையில் கோத்து இருவர் தூக்கிக்கொண்டு நடக்க, கம்பி தானாகக் கழல வேண்டும்.

வேலியின் மேல் பச்சை வலை கட்டலாமா? காற்றும் தூசியும் தடுக்குமே.

தடுக்கும். புயலில் வேலியையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கணக்கைப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலில் காற்று மணிக்கு 140 கிலோமீட்டரை எட்டியது. அந்த வேகத்தில் 1 சதுர அடிக்குச் சுமார் எட்டரை கிலோ அழுத்தம். 6 அடி உயரம், 8 அடி இடைவெளி என்றால் ஒவ்வொரு காலின் பங்கும் 48 சதுர அடி. வெறும் 5 வரி முள்கம்பியாக இருந்தால் காற்றுக்குப் பிடிக்கக் கிடைப்பது 1 சதுர அடி அளவுதான், காலுக்கு 10 கிலோகூட வராது. 2 அங்குலக் கண்ணுள்ள டைமண்ட் வலைக்கு 50 கிலோ. பாதி அடைப்புள்ள பச்சை வலைக்கு 200 கிலோ. தகடு அடித்தால் 400. அதே கால், அதே குழி.

இதில் இன்னொன்றும் சேரும். புயல் தனியாக வராது, மழையோடு வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நீர்மட்டம் தரைவரை ஏறி ஊறிய மணலுக்கு உலர்ந்த மணலின் பிடியில் பாதிதான் இருக்கும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பிடி பாதியாகிறது.

நாற்றுக்கோ காய்கறிக்கோ காற்றுத் தடுப்பு வேண்டுமென்றால் வலையைச் சவுக்குக் கம்பில் தனி வரிசையாக, வேலிக்கு உள்ளே 6 அடி தள்ளிக் கட்டுங்கள். வேலியிலேயேதான் கட்ட வேண்டுமென்றால் சணல் கயிற்றால் கட்டுங்கள், ஜி.ஐ. கம்பியால் வேண்டாம். பலத்த காற்றில் சணல் அறுந்து வலை பறக்கும், வேலி நிற்கும். டைமண்ட் வலையில் கோவைக்கொடி ஏறினாலும் இதே கதைதான். ஐப்பசிக்கு முன் அறுத்துவிட வேண்டும்.

காலடியில் மணல் பறந்து குழி விழுகிறது. வேறோர் இடத்தில் மணல் குவிந்து வேலியே மூழ்குகிறது.

இரண்டும் ஒரே காற்றின் வேலை. தடையைச் சுற்றி வேகமெடுக்கும் இடத்தில் மணலை அள்ளும், வேகம் இறங்கும் இடத்தில் கொட்டும். குவியல் 2 அடி ஏறினால் 5 அடி வேலி 3 அடியாகிவிடும், ஆடு நடந்தே தாண்டும். கீழ் வரிகளில் சருகு, பாலிதீன் பை சிக்கினால் குவியல் அங்கிருந்துதான் தொடங்கும், வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள். கீழே வலையோ தகடோ அடைக்காதீர்கள்.

பறக்கும் மணலைப் பிடிக்க இந்தக் கரைக்குச் சொந்தமான இரண்டு செடிகள் இருக்கின்றன: அடும்பு, இராவணன் மீசை. அடும்பின் தண்டை முழ நீளத்தில் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மழைக்கு முன் பதித்துவிட்டால் போதும், படர்ந்துவிடும். இராவணன் மீசை முள்ளாகக் குத்தும், நடமாட்டமில்லாத பக்கத்தில் வையுங்கள். அவை பிடிக்கும்வரை பனை மட்டையைக் காலடியில் பரப்பி மேலே கல் வைக்கலாம். குழி விழுந்த காலுக்கு மணலை மட்டும் வாரிப் போட்டால் மறுவாரம் மறுபடி குழிதான். செம்மண்ணும் சரளையும் கலந்து போட்டுக் கிட்டிக்க வேண்டும்.

கம்பி எத்தனை ஆண்டு வரும்?

துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை வரும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கம்பியில் சதுர மீட்டருக்கு 60 கிராம் அளவில்தான் பூச்சு இருக்கும், அதன் தடிமன் 8 மைக்ரான். அலை அடிக்கும் கரையை ஒட்டிய காற்று ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை தின்னும். ஆக, தேவனாம்பட்டினம், தாழங்குடா, சாமியார்பேட்டை போல் கடல் தெரியும் இடத்தில் ஓரிரு ஆண்டில் செந்துரு தெரிந்தால் அதிசயமில்லை. சதுர மீட்டருக்கு 240 கிராம் பூச்சு என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். அதில் 34 மைக்ரான் இருக்கும். பண்ருட்டி போல் கரையிலிருந்து தள்ளிய ஊர்களில் தேய்மானம் ஆண்டுக்கு 2 மைக்ரான் அளவில்தான், அங்கே நடுத்தரப் பூச்சே போதும்.

ஆனால் பல வேலிகளில் முள்கம்பிக்கு முன்பே செத்துப்போவது கட்டு. கட்டடத்துக்குக் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பியையே வேலிக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பூச்சே கிடையாது. அந்த முறுக்கின் மடிப்பில் உப்பீரம் உட்கார்ந்து, ஒரு மழைக்காலம் கழித்துத் தொட்டால் பொடியாக உதிரும். கட்டு போனதும் வரி இறங்கும், 'கம்பி சரியில்லை' என்று பழி முள்கம்பியின் மேல் விழும்.

காட்டுப்பன்றிக்கு என்ன வேலி?

முள்கம்பியை அது பொருட்படுத்தாது. அடியில் மூக்கை விட்டுத் தூக்கும், கம்பியோ வலையோ தரையை விட்டு 4 அங்குலம் எழும்பினால் போதும், உடம்பு நுழைந்துவிடும். 4 அடி உயர டைமண்ட் வலை, 10 கேஜ், அடிக்கண்ணில் 8 கேஜ் கம்பி ஒன்றைக் கோத்து ஒவ்வொரு காலிலும் கட்டி, இரண்டு காலுக்கு நடுவே தரையில் ஓர் ஆணிக்கொக்கி அடித்துப் பிடிக்க வேண்டும். வலைக்கு வெளியே தரையிலிருந்து 3 அங்குலத்தில் ஒரு வரி முள்கம்பி. செம்மண்ணில் வலையை 1 அடி புதைக்கலாம். உப்பு மணலில் புதைத்த வலை சீக்கிரம் இற்றுவிடும், அங்கே அடியில் பலகைக் கல் பதிப்பதே நல்லது.

சூரிய மின்வேலி?

வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் லைனையோ வேலியில் விடுவது குற்றம், ஆளைக் கொல்லும். மின்வேலி என்றால் பேட்டரியில் ஓடி, நொடிக்கு ஒருமுறை துடிப்பாக அதிர்ச்சி தரும் கருவி மட்டுமே. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த 2023இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. வேளாண் பொறியியல் துறையில் மானியம் பற்றிக் கேட்கப் போகும்போது பதிவு பற்றியும் கேட்டுவிடுங்கள்.

மணலில் ஒரு சிக்கல். அதிர்ச்சி கம்பியிலிருந்து விலங்கின் உடம்பு வழியாக மண்ணுக்குள் இறங்கி எர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் சுருக்கென்று அடிக்கும். சித்திரையில் காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. கருவியில் வோல்ட் காட்டும், பன்றி தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு வரி மின்சாரம், ஒரு வரி எர்த் என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தொட்டால் மண் உதவியின்றியே அடிக்கும். எர்த் கம்பி 3 இடத்தில், ஈரம் இருக்கும் ஆழம்வரை இறக்குங்கள். கரையோரத்தில் இன்சுலேட்டர் மேல் உப்புப் படிந்து மின்சாரம் கசியும், மழையில்லாத மாதங்களில் நல்ல நீரால் கழுவ வேண்டும்.

கேட் எப்படி இருக்க வேண்டும்?

டிராக்டர் டிரெய்லருக்கு 12 அடி, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரி திரும்ப வேண்டுமென்றால் 16 அடி. ஒற்றைக் கதவு வேண்டாம், இரட்டைக் கதவாகச் செய்யுங்கள். தகடு அடித்த 12 அடி கேட் புயலில் 600 கிலோவுக்கு மேல் காற்றை வாங்கும், கீல் பிய்யும். வலை அடித்த கதவே சரி. கல்லுக்காலில் துளையிட்டுக் கீல் மாட்டினால் துளை இருக்கும் இடத்தில் கல் ஒடியும். கேட்டுக்கு மட்டும் கான்கிரீட் தூண் கட்டிக்கொள்ளுங்கள்.

வாய்க்காலைத் தாண்டி வேலி போகிறது.

கெடிலம், தென்பெண்ணை, பரவனாறு வடிநிலங்களில் வெள்ளம் வரும்போது ஆகாயத்தாமரையும் வைக்கோலும் கம்பியில் அடைத்து அணை போலாகி, இரு பக்கமும் 10 காலையாவது சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வாய்க்காலின் இரு கரையிலும் முட்டுக் கொடுத்த கால் நிறுத்தி வேலியை அங்கே முடித்துவிடுங்கள். நடுவில் தனியாக ஒரு கம்பி கட்டி, அதிலிருந்து மூங்கில் கழிகளைத் தொங்கவிடுங்கள். நீர் ஏறினால் கழிகள் விலகிக்கொள்ளும், வடிந்ததும் தாமே தொங்கும்.

கம்பி இல்லாமல் உயிர்வேலி மட்டும் போதாதா?

3 ஆண்டு காத்திருக்க முடியுமென்றால் போதும். செம்மண்ணில் கிளுவை: கட்டைவிரல் தடிமன், 4 அடி நீளப் போத்து (நடுவதற்கான கிளைத் துண்டு) வெட்டி, நிழலில் சில நாள் வாடவிட்டு, அரை அடிக்கு ஒன்றாக 1 அடி ஆழத்தில் நட வேண்டும். நீர் தேங்கும் இடத்தில் அழுகிவிடும். கொடுக்காப்புளியை நெருக்கி விதைத்து இடுப்பளவில் வெட்டிக்கொண்டே வந்தால் ஆடு நுழையாது. கரையோர மணலுக்குத் தாழை, பூவரசு, ஓரத்தில் பனை.

காற்றுத் தடுப்புக்குச் சவுக்கு 3 வரிசை, முக்கோணமாக 1 மீட்டர் இடைவெளி. மர உயரத்தைப் போல் 10 மடங்கு தூரம் வரை உள்ளே காற்று நன்றாகத் தணியும். பாதிக் காற்று ஊடே போனால்தான் இந்தப் பலன். சுவர் மாதிரி அடைத்துவிட்டால் காற்று மேலேறித் தாண்டி உள்ளே சுழன்றடிக்கும். வேலியிலிருந்து 10 அடியாவது தள்ளி நடுங்கள். தானேயில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது அடியிலிருந்த வேலிகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இருக்கும் மரத்திலேயே ஆணி அடித்துக் கம்பியைக் கட்டலாமா?

கூடாது. மரம் ஆடும்போதெல்லாம் கம்பி அறும், மரம் பருக்கும்போது கம்பியை விழுங்கும், பிறகு வெட்டும்போது ரம்பம் உடையும்.

இடியும் மின்கம்பியும் வேலிக்கு ஆபத்தா?

கல்லுக்கால் மின்சாரத்தை மண்ணில் இறக்காது. அதனால் வேலியில் எங்கோ இடி விழுந்தால் நூற்றுக்கணக்கான அடி தள்ளிக் கம்பியோரம் நிற்கும் மாட்டைக்கூடத் தாக்கும். 150 அடிக்கு ஒன்றாக ஜி.ஐ. குழாயை 5 அடி இறக்கி எல்லா வரியையும் அதோடு கட்டுங்கள். மின்வாரியக் கம்பி வேலிக்கு மேலே குறுக்கே போகும் இடத்தில் இரு பக்கமும் இப்படி எர்த் வேண்டும். மின்கம்பத்திலோ அதன் இழுவைக் கம்பியிலோ வேலியைக் கட்டவே கூடாது. சூரிய மின்வேலியின் மின்வரிகளை மட்டும் இந்தக் குழாயோடு சேர்க்கக் கூடாது.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

வலையையும் கொடியையும் அறுத்து எடுங்கள். கேட்டைத் திறந்து, இரு கதவையும் பின்னால் தனிக் காலில் கட்டிவிடுங்கள். மாட்டை வேலிக்குள் அடைத்துவிட்டுப் போகாதீர்கள். நீர் ஏறினால் அது போக வழியிருக்க வேண்டும்.

புயல் ஓய்ந்ததும் முதலில் கம்பியைத் தொடாதீர்கள். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மின்கம்பி அறுந்து உங்கள் வேலியின் மேல் கிடந்தாலும் இங்கே அடிக்கும். சுற்றிலும் நடந்து பார்த்து, லைன் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே பக்கத்தில் போக வேண்டும். கம்பிமேல் விழுந்த மரத்தை வெட்டும்போது, அழுந்திக் கிடக்கும் வரிகளை முட்டுக் கொடுத்த காலில் முதலில் அவிழ்த்துத் தளர்த்திவிட்டு, அதன் பிறகு மரத்தை வெட்டுங்கள். அழுத்தம் விலகும் கணத்தில் முள்கம்பி முகத்தின் உயரத்துக்குத் துள்ளி எழும்.

சாய்ந்த கால்களை உடனே நிமிர்த்த வேண்டாம். ஊறிய மணலில் நிமிர்த்தினால் அன்றைக்கு நிற்கும், அடுத்த காற்றில் அதே பக்கம் சாயும். நீர் வடியும்வரை சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்து வையுங்கள், மாசியில் குழியை மறுபடி எடுத்துக் கான்கிரீட் போடலாம்.